சரசரக்காத ஒரு ஜாக்கெட்

லீனும் கிராமத்தில் மாலை நான்கரைக்குத்
தேவாலயத்தின் பின்பக்கம் நிற்கச் சொல்லி
வழிகாட்டி லோமான் அம்மையாரின் கடிதம்.
இரண்டு பக்கம். கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில்:
பறவைகள் வராவிட்டால் பணம் திருப்பித் தரப்படாது.
கையெழுத்து வைத்து அனுப்பினேன்.

இருண்ட நிறத்தில் உடுத்துங்கள் என்கிறது முதற்பக்கம்.
அலுமாரியைத் திறந்தேன்.
ஒரேஞ்ச், ஒரேஞ்ச்,
தோய்த்துத் தோய்த்து மங்கிய ஒரேஞ்ச்,
ஒளி பட்டால் பளீரிடும் வெள்ளிப் பட்டியோடு.
பத்தொன்பது வருடமாய்த் தண்டவாளத்தில் வேலை.
தூரத்தில் ரயிலோட்டி வருகிறவனுக்கு
நான் தெரிந்தாக வேண்டும்,
அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.
தெரியாமல் நிற்பதற்கு எதை உடுப்பது என்று
இதுவரை யோசிக்க நேர்ந்ததில்லை.

ஸ்பாண்டோவில் மூன்று கடை ஏறி இறங்கினேன்.
கரும்பச்சை ஒன்று அளவாயிருந்தது.
கையை மடக்கினேன்,
மிக்சர் பை கசங்குகிற சத்தம்.
மழைக்கு நல்லது என்றாள் விற்கிற பெண்.
மழைக்கில்லை, பறவைக்கு என்றேன்.
பிறகு அவளே ஒவ்வொன்றாய் இறக்கி
என் காதருகே கசக்கிக் காட்டினாள்,
கூறைச்சேலைக் கடையில் மடிப்பு விரிப்பவர்களின் பொறுமையோடு.
பதினொன்றாவது வாய் திறக்கவில்லை.
சாம்பல் நிறம். போன வருடத்து மாதிரி, பாதி விலை.

கொக்கு என்று வேலையிடத்தில் சொல்லி வைத்திருந்தேன், அது சரியில்லை.
கொக்கு வயலில் நிற்கிற வெள்ளை.
நாரை என்றால் கால் மட்டும்தான் பொருந்துகிறது.
கடிதத்தோடு வந்த படத்தில் இருப்பது
என் நெஞ்சு உயரம், உடம்பெல்லாம் சாம்பல்,
உச்சியில் விரலால் தீற்றிய ஒரு சிவப்பு.
கிரானிஷ் என்கிறார்கள் இங்கே.
கிரௌஞ்சம் என்றாள் தர்மினி,
தேத்தண்ணிக் குடுவையைக் கழுவியபடி.
வேல் பட்டுப் பிளந்த மலையல்லவா அது?
மலைக்கு முதல் பறவைக்குத்தான் அந்தப் பேர் என்றாள்.
எங்கே படித்தாளோ.
இரண்டையும் மாறிமாறிச் சொல்லிப் பார்த்தேன்.
அதன் தொண்டையிலிருந்து விழுந்ததை
இரண்டு பாஷைக்காரரும்
அவரவர் காதுக்கு எட்டியபடி
எழுதி வைத்துக்கொண்டது போலிருந்தது.

கதைக்கக் கூடாது, இது இரண்டாம் பக்கம்.
நாற்பது நிமிடம்.
தும்மல் வந்தால் முழங்கை மடிப்புக்குள்.
கார்க் கதவை அடித்துச் சாத்தக் கூடாது.
எங்களிடம் கார் இல்லை,
கிரெம்மன் வரை ரயில், பிறகு பஸ்.
கிறீச்சிடுகிற மூடியைப் பற்றி
ஒன்றும் எழுதியிருக்கவில்லை, ஆனால்
எங்கள் குடுவையின் மூடி கிறீச்சிடும்.
தர்மினி ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டாள்.
இனித் தேத்தண்ணி எள் மணக்கும்.

முந்தின இரவு ஒத்திகை.
விளக்கை அணைத்து பல்கனியில் இரண்டு கதிரை போட்டோம்.
ஏழாம் நிமிடம் குளிர்ப்பெட்டி உறுமி ஓய்ந்தது.
பத்தில் மேல்வீட்டு யாங்கே இருமினார்.
பன்னிரண்டில் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து
விழுங்கியது கேட்டது எனக்கு.
வாடகையோ, என் மேல் கோபமோ,
அடுப்பில் ஏதும் விட்டுவிட்டாளோ,
கேட்கவும் வழியில்லாமல் இருந்தேன்.

இருபது இருக்கும்,
கூரைகளுக்கு மேலே ஒரு சத்தம்.
பென்னாம்பெரிய கதவொன்று
வெகு உயரத்தில் துருப்பிடித்துத் திறக்கிறது,
அதன் பின்னால் சின்னச் சின்னதாய்ச் சில கீச்சுகள்,
தென்மேற்காய்.
நிமிர்ந்தோம் இருவரும்.
நகர வெளிச்சம் ஊறிய முகில், வேறெதுவுமில்லை.
புது ஜாக்கெட் சத்தம் போடவில்லை.

அதுகளோ? என்றாள், நாற்பது ஆகுமுன்னே.
தெரியாது.
எல்லாம் இண்டைக்கே போயிட்டால்?
கையெழுத்து வைத்தாயிற்று என்றேன்.

எழும்பிப்போய், விளக்கைப் போடாமலே
நாளைக்கான பாணுக்குச் சம்பல் பூசினாள்.
அப்போது என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன்.
மறந்துபோச்சு என்றாள்,
காலுறை இரண்டு சோடி எடுத்து வையுங்கோ.