தரல

சாட்ஸ்வர்த், ஐந்தாம் யூனிட்.
வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னாள் சிக்கொண்டி.
மலாவிக்காரி. தையல் மிஷின் அடுக்களையில்தான்.
நாங்கள் நாலு பேர், எட்டுச் செருப்பு, ஒரு ட்ரைபாட்.

அங்கம்மா வாண்டேயர் செத்துப் பத்தொன்பது வருஷம்.
அவள் அச்சடித்த தாள் ஒன்றுகூட மிச்சமில்லை.
போலீஸ் கொஞ்சம் கொண்டுபோனது, மழை கொஞ்சம்,
மீதியில் மருமகன் மீன் சுற்றிக் கொடுத்தான்.
விண்ணப்பத்தில் 'அரும்பெரும் மரபு' என்று எழுதியவள் பிரெனிஷா.
தமிழ் தெரியாது, கொள்ளுப்பாட்டனின்
கப்பல் எண் மட்டும் மனப்பாடம்.
தரையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

தரைதான். லினோலியம்.
மேவில் வீட்டை இடிக்க வந்த அன்று
சாமி படத்தை எடுப்பதற்கும் முன்னால்
அடுக்களைத் தரையைச் சுருட்டி
லாரியில் ஏற்றினாளாம் அங்கம்மா.
ஒடிந்த குடைக் கம்பியைத் தீட்டித் தீட்டி
அதில் வெட்டினாள்:
மிஷின்கள், மிஷின்மேல் குனிந்த கழுத்துகள்,
ஒரு நாள் குனியாத கழுத்துகள்.
இப்போது எல்லாம் சிக்கொண்டியின் காலடியில்,
வெட்டிய பக்கம் மேலே.
"வழுக்காது" என்றாள்.
வேறு காரணம் இல்லை.

எழுத்தும் இருந்தது.
கண்ணாடிக்குள் நடப்பதுபோல் வலமிருந்து இடமாக.
மன்னாரில் பிறந்து நாற்பது வருஷமாய் வாசிக்கிற மொழி
கடன் கொடுத்தவனைக் கண்டதுபோல்
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சொல் மட்டும்
நேரே நின்று பார்த்தது.
தரல.
எங்கள் ஊரில் தரேல்லை என்போம்.

பெயர்த்து எடுக்கலாம், பதிலுக்கு டைல்ஸ், என்றது கமிட்டி.
குளியலறைக்கும் சேர்த்துக் கேட்டாள் சிக்கொண்டி.
கேட்டதில் நியாயம் இருந்தது,
கமிட்டியில் பணம் இல்லை.

ஒலி பிடிக்க வந்த ருவிம்போ
ஹராரேயில் போஸ்டர் அடித்த கை.
கிடந்த இடத்திலேயே மை உருட்டினாள், தாளை விரித்தாள்.
அழுத்த இயந்திரம் ஏது?
காலுறை மாட்டிக்கொண்டு தாள்மேல் ஏறினாள் சிக்கொண்டி,
பின்னால் அவள் மகன், பிரெனிஷா, நான்.
ஃபிஸ்டன் ஏறவில்லை.
யாராவது படம் பிடிக்க வேண்டுமே.

உரித்தபோது தமிழ் திரும்பி வந்தது,
குதிகால் விழுந்த இடமெல்லாம் கூடுதல் கறுப்பாய்.
முழக்கம் வரும் என்று பிரெனிஷா மூச்சைப் பிடித்திருந்தாள்.
வந்தது கணக்கு.

நாலு வாரம். ஓவர்டைம் பதினோரு மணி.
ரெண்டு ரேண்ட் எழுபது காசு.
இன்னும்

அதற்குப் பிறகு, அடுப்படியில் நேரே நின்ற அந்தச் சொல்
இங்கே முதுகைக் காட்டிக்கொண்டு.
அவசரத்தில் புரட்ட மறந்தாளோ,
அச்சுக்கென்று இல்லாமல்
அடுக்களைக்கென்றே வெட்டினாளோ,
எனக்குத் தெரியாது.
படத்தில் ஒரு பேராசிரியர் தெரியும் என்கிறார்.

எடிட்டிங்கும் சப்டைட்டிலும் என் வேலை.
யார் தரல என்று தமிழ் கேட்பதில்லை,
அது தெருவுக்கே தெரியும்.
ஆங்கிலத்துக்கு ஓர் ஆள் வேண்டும்.
முதலாளி என்று போடவா? அவர்கள் என்றா?
மூன்று இரவாக அந்த நாலு விநாடியிலேயே கிடக்கிறேன்.
எங்கள் கடைசித் தவணையும் இன்னும் வந்தபாடில்லை,
அது வேறு கதை.

ஃபிஸ்டனின் அகதிச் சீட்டு வியாழனோடு சரி.
விடியுமுன் நாலு மணிக்கே வரிசையில் நின்றான்.
மத்தியானம் போனில் கேட்டேன், முத்திரை விழுந்ததா என்று.
பிரெஞ்சு, லிங்காலா, சுவாஹிலி
மூன்றையும் ஒதுக்கிவிட்டு,
ரகரம் தொண்டையில் கொஞ்சம் உரச,
"தரல" என்றான்.
இலக்கணப் பிழை இல்லை.

சிக்கொண்டியின் காலுறை கொடியில் தொங்குகிறது.
மூன்று துவைப்புக்கும் மை போகவில்லையாம்.
புது ஜோடிக்குக் காசு கேட்கிறாள்.
பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
கேட்டு அனுப்பியிருக்கிறாள் பிரெனிஷா.