கால் சுற்று

தேவகோட்டையில் கடல் இல்லை.
எங்கள் சந்தில், டிரெய்லர் மேல்,
பதினாறடி பைபர் படகு நிற்கிறது
பால் வண்டிக்கு வழிவிடாமல்.
"கண்மாயில விடப் போறியளா?"
கேட்காமல் கடந்தவர் ஒருவருமில்லை.
"அவுகளக் கேளுங்க" என்பேன் நான்.

போன மாதம் தொண்டியில்
கயிற்றோடு சேர்ந்து கிளீட்டும் கையில் வந்தது.
நாலு திருகாணி. நாலும் மரத்துக்கானவை.
அடியில் நட்டு இல்லை, தகடு இல்லை.
தளத்துக்குள் ஒட்டுப்பலகை
காப்பியில் விழுந்த ரஸ்க் போல.
விற்றவன் மேலே மட்டும் பெயிண்ட் அடித்திருந்தான்.

"மேல மட்டும் பாத்துத்தானே வாங்கினிய" என்றேன்.
சீட்டுப் பணம் என்னுடையது.
அதையும் சொன்னேன்.
அதிலிருந்து பதினோரு நாள்
சவரிமுத்து குழம்பைக்கூடக்
கையால் காட்டித்தான் கேட்டார்.

காரைக்குடியில், பழம்பொருள் கடையில்,
பித்தளைக் கொண்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள்.
நல்ல கனம். ஆள் முகம் தெரியும் பளபளப்பு.
உப்புத்தண்ணீரில் அதன் துத்தநாகம் கரைந்து
செங்கல் நிறத்தில் நொய்ந்துபோகும்;
மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவருக்குத் தெரியாதா.
வைத்துவிட்டு வந்து
தூத்துக்குடியிலிருந்து முந்நூற்றுப் பதினாறு எஸ்.எஸ். வரவழைத்தார்.
பில்லை என் கணக்கு நோட்டுக்குள் செருகியிருந்தார்.
அந்த வாரத்துப் பேச்சு அவ்வளவுதான்.

ஞாயிறு, பூசை முடிந்து.
ஓட்டையைப் பெரிதாக்கி,
வளைத்த ஆலன் கீயை டிரில்லில் மாட்டி
மக்கிய மரத்தைச் சுரண்டி எடுத்தார்.
ஈரம் காய இரண்டு நாள்.
எப்பாக்ஸி ஊற்றி, அது கல்லாக ஒரு நாள்.
பிறகு அதன் நடுவில் மறுபடி ஓட்டை, சரியான அளவில்.
அடியில் வைக்கக் கடையிலிருந்த ஹைலம் ஷீட்டை அறுத்து
நாலு மூலையையும் அரத்தால் உருட்டினார்.

இதுவரை அவர் தனியாகவே செய்துவிட்டார்.
போல்ட் போட மட்டும் இரண்டு பேர் வேண்டும்.
நங்கூரப் பெட்டிக்குள்
அவர் தோள் நுழையாது.

நுழைந்தேன்.
பெட்ரோல் நாற்றம், காய்ந்த நண்டுக்கால் ஒன்று,
தலைக்கு மேல் நாலு புள்ளி வெளிச்சம்.
ஒவ்வொன்றாக அணைந்தது,
வெள்ளைச் சீலண்ட் பூசிய போல்ட் இறங்க இறங்க.

"பிடி."
"பிடிச்சாச்சு."
"சுத்தவா?"
"நீங்க சுத்தாதிய. பசை அறுந்துரும்.
ஸ்க்ரூடிரைவர அசையாமப் பிடிங்க.
நான் நட்ட மட்டும் சுத்துறேன்."
எங்கே படித்தாய் என்று அவர் கேட்கவில்லை.
அவர் தூங்கிய பின்
அவர் போனில்தான் படித்தேன்.

மூன்று முடிந்தது. நாலாவதில்
வாஷர் நழுவி எங்கோ அடியில் கிணுங்கியது.
"விழுந்துருச்சு."
மேலே சத்தமே இல்லை.
சட்டைப்பையைத் துழாவும் ஓசை,
பிறகு பெட்டி வாயில் அவர் விரல், விரலில் ஒரு வாஷர்.
"நீ கீழ போடுவேன்னு ஒண்ணு கூடுதலா வாங்குனேன்."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.
சிரித்ததில் தலை தளத்தில் இடித்தது.

முழுக்க இறுக்கக்கூடாது முதல் நாளே.
பசையெல்லாம் பிதுங்கி வெளியே போய்விடும்,
நடுவில் ஒன்றும் மிஞ்சாது.
ரப்பராகும்வரை விட்டுவைத்து
மறுநாள் நட்டுக்குக் கால் சுற்று.
நானே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்,
கடை திறக்கும் முன்.

மாலையில் கயிற்றைக் கட்டி
முழு உடம்போடு சாய்ந்து இழுத்தார்.
சக்கரத்துக்குக் கல் வைக்க மறந்திருந்தோம்.
டிரெய்லர் ஒரு முழம் நகர்ந்து
எதிர்வீட்டுக் கோலத்தில் ஏறி நின்றது.
கிளீட் அசையவில்லை.

"கண்மாயில விடப் போறியளா?"
கோலக்காரிதான், கையில் விளக்குமாறு.
"திருவாடானை தாண்டி" என்றேன்.

இன்னும் முன்பக்கக் கைப்பிடிக் கம்பி இருக்கிறது,
மூடியின் கீல் இரண்டு,
சீட்டு முடிய ஏழு மாதம்.
விழுந்த வாஷர் உள்ளேதான் கிடக்கிறது.
படகைத் தள்ளும்போதெல்லாம் கேட்கிறது.