பத்தால் பெருக்கு

சத்துவாச்சாரியில் வீடு பார்க்கிறாயாமே, தில்ஷாத்.
தரகர் கூப்பிடும் நேரத்துக்குப் போகாதே.
மே மாதம், பகல் மூன்று மணி, தனியாகப் போ.
மொட்டைமாடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நில்.
எத்தனை எண்ணுவதற்குள் கால் மாற்றுகிறாயோ
அத்தனை நாள்தான்
மேல்போர்ஷனில் ஆள் தங்கும்.

போர் எத்தனை அடி என்று விற்பவரைக் கேட்காதே.
தெருவுக்குள் தண்ணி லாரி எந்தக் கிழமை வரும் என்று
இஸ்திரிக்காரரைக் கேள்.

வாடகையைப் பன்னிரண்டால் பெருக்காதே,
பத்தால் பெருக்கு.
நான் பன்னிரண்டால் பெருக்கினேன்.
மோட்டார் எரிந்த மாசம்
தவணைக்கு வளையல் போனது.

ஈ.பி. மீட்டர் தனித்தனியாக இருந்தால்
பாதிச் சண்டை இல்லை.
மீதிப் பாதி, பைக் நிறுத்த இடம்.

அப்புறம் அட்வான்ஸ்.
அது உன் பணமில்லை.
நான் அதில் பெயிண்ட் அடித்தேன்.

மால்டாவிலிருந்து வந்தவர்கள்.
சி.எம்.சி.யில் பையனுக்கு வைத்தியம், ஆறு மாசம் என்றார்கள்.
நாற்பதாம் நாள் சாவியை நீட்டினார் தபன் மண்டல்.
ராத்திரி காட்பாடியில் வண்டி.
பையன் எங்கே என்று நான் கேட்கவில்லை.
இந்தி தெரியாமல் இல்லை.
ஒப்பந்தப்படி ஒரு மாசம் பிடிக்கலாம்.
பிடிப்பதற்கும் கையில் எதுவுமில்லை.
பக்கத்துக் கடையில் கைமாற்று வாங்கி
ஆட்டோ கிளம்பும்முன் ஓடினேன்.
அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

சமையலறை நிலையில், புதுப் பெயிண்டின்மேல்
உயரம் அளந்த பென்சில் கோடு.
ஒன்றே ஒன்று.
போன வருஷம் வெள்ளையடிக்க வந்தவரிடம்
அந்த நிலையை மட்டும் விடச் சொன்னேன்.

ஆமாம், நிலை.
தேக்கு என்றுதான் சொல்வார்கள்.
சுரண்டிப் பார்த்துவிட்டு
முன்பணம் கொடு.