வியாழக்கிழமைப் பங்கு

ஜனவரியில், நிலத்தில் ஒன்றுமே இல்லாத நாளில்
வந்து கையெழுத்துப் போடுகிறார்கள்.
ஊர்மன்றத்து நீள மேசை, மூடி சரியில்லாத காப்பிக் குடுவை,
ஆளுக்குப் பன்னிரண்டு காசோலை,
மாதத்துக்கு ஒன்றாகத் தேதி போட்டு.
முப்பத்தொன்பது குடும்பம்.
எனோரா எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி
மூடியின் மேல் தன் முழங்கையை வைத்துக்கொள்வாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வராது.
ஆகஸ்டுத் தக்காளிக்குக் காசு கொடுத்துவிட்டார்கள்.
விதை இன்னும் காகித உறையில்,
உறை சமையலறை இழுப்பறையில்,
இழுப்பறை ஈரத்தில் ஊறித் திறக்க மறுக்கிறது.

ஃபினிஸ்தேர் என்றால் நிலம் முடியும் இடம்.
முடிவதற்குக் கொஞ்சம் முன்னால்
எங்களுடைய ஒன்றரை ஏக்கர்.
வானம் பார்த்த பூமிதான் இதுவும்:
போதும், நிறுத்து
என்று பார்க்கிற பூமி.

ஜூலையில் பதினேழு நாள் நிறுத்தவில்லை.
உருளைக்கிழங்கு இலையில் முதலில் ஒரு புள்ளி,
யாரோ காப்பி சிந்தினாற்போல.
புதன்கிழமை ஒரு பாத்தி.
ஞாயிறுக்குள் வாடை வந்துவிட்டது.
கூல்வென் எழுந்து சன்னலைச் சாத்தினான்,
வீட்டுக்குள்ளும் இருந்தது.
செம்புக் கரைசல்கூடத் தெளிப்பதில்லை என்று
ஒப்பந்தத்தில் எழுதியது நானேதான்,
வெயில் அடித்த ஒரு நாளில்.

வியாழன், மாலை ஆறு மணி.
பங்குக்கு எவ்வளவு என்று கரும்பலகையில் எழுத வேண்டும்.
டர்னிப் ஒரு கட்டு (மறுபடியும்).
லெட்யூஸ் ஒன்று, ஓரம் நத்தை தின்றது.
சுக்கினி இரண்டு.
உருளைக்கிழங்கு
என்று எழுதிச் சுண்ணக்கட்டி கொஞ்ச நேரம் நின்றது.
நானூறு கிராம்.

மாய்வென் முதலில் வந்தாள். மூன்று பிள்ளைகள்,
மீன் பதப்படுத்தும் ஆலையில் இரவு வேலை.
பலகையை இரண்டு முறை படித்தாள்.
"கோபமெல்லாம் இல்லை.
நானூறு கிராமை நான் எப்படிப் பிரிப்பேன், சொல்."
எனோரா டப்பாவைத் திறந்து
மீதி ஐந்து காசோலையை எண்ணிக் கொடுத்தாள்.
போகிறவள் பையில் ஒரு சுக்கினி கூடுதலாக வைக்கப் போனேன்.
கை பாதியில் நின்றது,
அது இன்னொருத்தர் சுக்கினி.

பிறகு துக்துவால். துறைமுகத்தில்
முப்பது வருஷம் பளுதூக்கி ஓட்டியவர்.
"டர்னிப்பா? நான் என்ன ஆடா?"
என்று வாராவாரம் கேட்பவர் அன்று கேட்கவில்லை.
தராசில் கிழங்கை வைத்தார்,
முள் நானூறில் நிற்கும்வரை குனிந்து பார்த்தார்,
ஒன்றை எடுத்துப் பெட்டியில் திரும்பப் போட்டார்,
சின்னதில்லை, நல்லதாகப் பார்த்து.
பின்னால் நின்றவள் அதைக் கண்டாள்.
அவளுக்குப் பின்னால் நின்றவனும்.

எட்டு மணிக்கு மேசை துடைக்கும்போது
பெட்டி அடியில் மூன்று கிலோ மிச்சம்.

எனக்குச் சுருக்கென்று வந்தது.
எண்ணிப் பிரித்த பங்கு, யாருக்கு இந்தப் பிச்சை?
"மாய்வென் வாசலில் வைத்துவிடலாம்" என்றான் கூல்வென்.
"அவளுக்கும் இதே கோபம் வரும்" என்றேன்.
ராத்திரி முழுக்க வண்டியிலேயே கிடந்தது பை.

காலையில் பை இல்லை.
நான் கேட்கவில்லை.

மழை விட்டிருந்தது.
லீக் நாற்று இரண்டாயிரம், ஒவ்வொன்றும் பென்சில் பருமன்.
குச்சியால் ஆழமாகக் குழி, குழிக்கு ஒன்று.
மண்ணைத் தள்ளக் கூடாது.
தண்ணீர் ஊற்றிவிட்டு அப்படியே திறந்து விட்டுவிட வேண்டும்,
மண் தானாக இறங்கும், அதற்குத் தோன்றுகிறபோது.
நாற்று குழிக்குள் சாய்ந்து நிற்கும்
பெரிய சட்டை போட்ட பையனைப் போல.

முந்நூற்றுப் பதினொன்று. முந்நூற்றுப் பன்னிரண்டு.
"டிசம்பருக்கு முப்பத்தொன்பதா, முப்பத்தெட்டா?"
என்றான் அடுத்த வரிசையிலிருந்து, தலை நிமிராமல்.

எண்ணிக்கை தப்பிவிட்டது.
அடுத்த குழியிலிருந்து
மறுபடி ஒன்று.