சுவருக்கு அப்பால் நேரலை

மூன்று மணி நேர ஆட்டத்தில்
பந்து நகர்வது பதினோரு நிமிடம்.
லைல் ஹாக்ஸ்பர்க் ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணியவன்.
மீதியெல்லாம் பிக்கப் டிரக், பீட்சா,
மூட்டுவலி மாத்திரை.
நான்காம் முயற்சி, இரண்டு கெஜம் பாக்கி,
சரியாக அப்போதுதான்
காப்பீட்டுக்காரன் வந்து பல்லைக் காட்டுவான்.

இந்த சீசனில் பதிவு செய்துகொண்டு
ஒரு மணி நேரம் தள்ளி உட்காருகிறான்.
கட்டைவிரலின் கீழ்
டிரக்குகள் பதறிக்கொண்டு மலையேறுகின்றன.

ஆனால் டொலிடோவின் அடுக்ககச் சுவர்கள் மெலிசு.
அந்தப் பக்கம் வாண்டா பிலார்ஸ்கி,
விளம்பரம் விடாமல் நேரலையில் பார்ப்பவள்.
அவள் தரையை உதைத்தால் டச்டவுன்.
தட்டு உடைந்தால் பந்து பறிபோயிற்று.
இவன் திரையில்
நாணயமே இன்னும் சுண்டவில்லை.
ஒருமுறை சுவரில் குத்தினான்.
அவளும் குத்தினாள்,
கொண்டாடுகிறான் என்று நினைத்து.

போன ஞாயிறு
ஆட்டம் முடியும் நேரத்தில் அங்கே சத்தமில்லை.
உதையில்லை, தட்டில்லை.
தோற்றுவிட்டோமா?
தூங்கிவிட்டாளா?
இரண்டாம் குவார்ட்டரில் இவன்,
ரிமோட் மடியில், காது சுவரில்.
மாத்திரைக்காரன் முதல்முறையாக
முழு வேகமின்றிப் பேசிக்கொண்டிருந்தான்:
தலைசுற்றல், நா வறட்சி,
அரிதாகச் சிலருக்கு