அறளைக்குக் குறியீடு இல்லை

வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு பாகை.
ஒட்டாவாக் கால்வாயில் சனம் சறுக்குகிறது.
ஏழாம் மாடியில் நாங்கள் ஐந்து பேர்
உலகத்தின் சாவுகளைப் பங்கு பிரிக்கிறோம்.

என் மேசைக்கு வருவது மறதியில் செத்தவர்கள்.
அந்தப் பெயரில் அவர்கள் வருவதில்லை.
நியூமோனியாவாக வருவார்கள்,
விழுந்து இடுப்பு முறிந்தவர்களாக,
நீர் வற்றியவர்களாக, முதுமை என்று
யாரோ ஒரு வைத்தியர்
பேனையை உதறி எழுதிய சொல்லாக.
சில நாடுகளிலிருந்து ஒன்றுமே வராது.
அவற்றுக்குப் பக்கத்து நாட்டின் சாவைக்
கைமாற்றாக வாங்கி
வயது பார்த்து, வருமானம் பார்த்து
அளந்து போடுவோம்.
திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத கடன்.

ஆந்த்வான் ஒருநாள் கேட்டான்,
உங்கள் பாஷையில் இதற்கு என்ன சொல்?
அறளை, என்றேன். அறளை பெயர்தல்.
பெயர்தல் என்றால்?
சுவரில் காரை பெயருமே, அப்படி.
பட்டியலில் விரல் வைத்துத் தேடினான்.
குறியீடு இல்லை.

கேதாரநாதன் போனது நவம்பரில். வயது அறுபத்தெட்டு.
என் கணவர் என்று எழுதினால் பிழை.
பதினான்கு வருடத்துக்கு முன்
எல்ஜின் தெரு நீதிமன்றத்தில்
கையெழுத்து வைத்துப் பிரிந்தோம்,
வழக்குச் செலவும் சரிபாதி.
அவர் முதலில் மறந்தது அதைத்தான்.
வீதிகளுக்கு முன், சாவிக்கு முன்,
விவாகரத்தை.

ஒரு மாலை தொலைபேசி.
"வரேக்க பால் வாங்கிக்கொண்டு வரட்டோ?"
சோறு அடுப்பில் இருந்தது.
விளக்கம் சொல்ல அலுப்பாகவும் இருந்தது.
ஓம் என்றேன்.
அடுத்த நாளும் ஓம்.
ஒன்றாக இருந்த காலத்தில்
ஒருநாளும் அவர் கேட்காத கேள்வி.
ஓம் சொல்வது எனக்குப் பிடித்தும் போயிற்று.

மார்ச்சில் அவருடைய தங்கை யோகமலர்
குளிர்பெட்டியைத் திறந்தாள்.
பால் பைகள். நாலு லீட்டர், நாலு லீட்டராக,
கீழ்த்தட்டில் திரைந்து பச்சை பிடித்து,
குளியல் தொட்டிக்குள் இன்னும் பதினொன்று.
"ஆரோ இந்த மனிசனைப் பால் வாங்கச் சொல்லியிருக்கினம்."
நான் துடைக்கத் துணி தேடினேன்.

மரணச் சான்றிதழில்: புரையேறி வந்த நியூமோனியா.
பொய்யில்லை. விழுங்குவதையும் மறந்திருந்தார்.
கீழ்வரி வெறுமை.
இப்படிப்பட்டவர்களை எங்கள் சமன்பாடு பின்னமாக்கும்.
மறதிக்கு 0.61. நுரையீரலுக்கு 0.27.
மிச்சச் சில்லறை
பார்க்கின்சனுக்கும் பக்கவாதத்துக்கும்.
பக்கவாதமே வராத மனிதர்.
ஆனால் கூட்டினால் ஒன்று வரவேண்டும்,
வந்தது.

சாவின் தேதிக்கு ஒரே ஒரு கட்டம்.
நவம்பர் ஒன்பது என்று போட்டாயிற்று.
யோகமலரின் சிநேகிதி என்று நினைத்து
எழும்பி நின்று எனக்கு அவர்
வணக்கம் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கோ,
தொலைபேசி சும்மா கிடந்த முதல் இரவுக்கோ
கட்டம் இல்லை. அந்த இரவு நான்
மணியொலி அணைந்து கிடக்கிறதா என்று
இரண்டு தரம் பார்த்தேன்.

நேற்று உலகத் தொகையை அனுப்பினோம்.
கீழெல்லை, மேலெல்லை, நடுவே ஓர் எண்.
எல்லாவற்றையும் கிட்டிய ஆயிரத்துக்கு
முழுமையாக்கச் சொன்னார்கள்.
அந்த இரண்டு எல்லைக்கும் நடுவில்
இந்த நகரத்துச் சனம் முழுக்க நின்று சறுக்கலாம்.
அவருடைய 0.61 மேலே ஏறிற்றா, கீழே விழுந்ததா,
ஆந்த்வானுக்கும் தெரியாது.

இறங்கி வரும்போது ஏழு மணி.
கடையில் பால் பை மலிவு விலை.
எடுத்து, தேதி பார்த்து,
பின்வரிசையில் திருப்பி வைத்தேன்.
நான் எந்தக் காலத்திலும்
வெறுந்தேத்தண்ணிதான்.