இரண்டு குட்டை, ஒரு நெட்டை

இன்று மரியமோபா. மருந்துக்கடைக்கு விடுமுறை.
குத்தாயிசியில் பாதிப்பேர் சர்ச்சில்,
மீதிப்பேர் இன்னும் படுக்கையில்.
அருவிக்குப் போவோமா என்றேன்.
பல் தேய்த்துக்கொண்டிருந்தாய்.
கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து
"தினமும்தானே போகிறேன்" என்றாய்,
நுரை ஒழுக.

போகிறாய்தான், மல்ஹாஸ்.
பதினோரு வருடமாக மினிபஸ்ஸில் ஆள் ஏற்றிப் போய்
கடைசி வளைவில் வால்நட் மரத்தடியில் நிறுத்தி
முப்பத்தைந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடி கிடையாது
என்று சொல்லி அனுப்பிவிட்டு
சூரியகாந்தி விதை கொறித்துக் காத்திருக்கிறாய்.
அருவி என்பது உனக்கு
திரும்பி வருகிறவர்களின் ஈர முடி.
மிதியடியில் சேறு.
பின் சீட்டில் யாரோ மறந்துவிட்ட துவாலை.
அந்த நூற்றி நாற்பது படியை நீ இறங்கியதே இல்லை.
முட்டிவலி என்றாய் ஒருமுறை.
வண்டியை யார் பார்ப்பது என்றாய் இன்னொரு முறை.

இன்று உன் வண்டியை கோச்சா ஓட்டினான்.
காசு வாங்க மாட்டேன் என்று அவனும்
கொடுக்காமல் ஏற மாட்டேன் என்று நீயும்
வாசலை அடைத்துக்கொண்டு நின்றதில்
ஒரு ஜெர்மன் தம்பதி வெயிலில் காய்ந்தார்கள்.
பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை உனக்கு.
மடியில் வைத்தாய், கம்பியில் வைத்தாய்,
கடைசியில் வெள்ளரிக்காய்ப் பையின் மேல்.
ஒவ்வொரு வளைவிலும் உன் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதித்தது.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
சிரித்தால் கோபித்துக்கொள்வாய்.

கீழே, அருவி ஒன்றும் பெரிதில்லை.
ஆகஸ்ட் மாதத்துத் தண்ணீர்.
பாறையின் விலா எலும்பெல்லாம் தெரிய
ஒரு பக்கமாக, அவசரமில்லாமல் விழுந்தது.
"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான்."

ஷூவைக் கழற்றினாய்.
ஜன்னலுக்கு வெளியே கிடந்து கிடந்து
இடது கை மட்டும் கறுத்த மனிதன்
பால் நிறப் பாதங்களை
ஒவ்வொன்றாக, கடன் கொடுப்பவன் போலத்
தண்ணீருக்குள் விட்டாய்.
அப்புறம் பேசவில்லை.
நான் முட்டை உரித்தேன்.
மாத்திரைப் பொட்டலத்தில் மடித்து வந்த உப்பு
நமத்துப்போயிருந்தது.
ஒரு சின்னப் பையன் தட்டைக்கல்லைப் பொறுக்கி
உன்னிடம் காட்டினான். வாங்கி வைத்துக்கொண்டாய்.
அவன் அதைத் திருப்பிக் கேட்கத்தான் நின்றான் என்பது
உனக்குத் தெரியவேயில்லை.

அப்போதுதான் அது வந்தது.
எங்கோ ஒரு குருவிக்கு விக்கல் எடுத்தது மாதிரி:
இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

தலை தூக்கினாய்.
உன் ஹாரன். நீ கண்டுபிடித்த தாளம்.
வண்டிக்குள் இருந்தால் காது கிழியும்.
இங்கே தண்ணீர் அதைப்
பாதி வழியிலேயே குடித்துவிட்டிருந்தது.

"கேட்கவே இல்லையே" என்றாய்.
என்னிடம் இல்லை.

போன ஜூலையில்
பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்த ஒருத்தியை
பஸ் முழுக்கக் கேட்கத் திட்டினாயாம்.
அன்றிரவு சூப் குடித்தபடி
நீயே சொன்னாய், கொஞ்சம் பெருமையாகக்கூட.
நான் அதை இப்போது நினைவுபடுத்தவில்லை.
உன் கையில் அந்தப் பையனின் கல்
ஈரத்தோடு புரண்டுகொண்டே இருந்தது.

மறுபடி இரண்டு குட்டை, ஒரு நெட்டை.
ஜெர்மன்காரர்கள் எழுந்து பையை மாட்டினார்கள்.
எனக்குக் கால் அரித்தது எழுந்திருக்க.
மூன்று முறை அடி, அப்புறம் எடுத்துவிடு,
அண்ணன் தம்பி என்று பார்க்காதே
என்று கோச்சாவுக்குப் பாடம் எடுத்ததே நீதான்.

மூன்றாவது கேட்டதா இல்லையா,
என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.
அடுத்த வண்டி நாலரைக்கு என்றாய்,
தண்ணீரைப் பார்த்தபடி.
பிறகு, இன்னொரு முட்டை இருக்கிறதா என்றாய்.